தமிழ் ஐந்தெழுத்தா?

1

சென்ற மாதம் பழனியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பேர் கூடினோம். எட்டுப் பேர் என்பது நம் உலகில் பெருங்கூட்டம். கவிதை பற்றித்தான் பேச்சு. ஆனால் நம் பேச்சுகளெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேருமோ அங்கேதான் அதுவும் போய்ச் சேர்ந்தது: தமிழனுக்கு இழைக்கப்பட்ட அநீதி. இந்தத் தடவை குற்றவாளி யூனிகோடு. "கொரியாக்காரனுடைய அசை எழுத்து 11,172-க்கும் கம்ப்யூட்டரில் தனித்தனியாக இடம் கொடுத்திருக்கிறான். நம்முடைய 247-க்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை" என்றார் ஒரு கவிஞர். எல்லாத் தலைகளும் ஆடின. ஆடிய தலைகளில் என்னுடையதும் ஒன்று. இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தம்.

நெய்க்காரப்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. அவர் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த எண்களை வைத்துக்கொண்டு நாம் கட்டியிருக்கும் சோகக் கதை சரியல்ல. கொரியாவுக்கு அது எப்படிக் கிடைத்தது, நமக்கு ஏன் கிடைக்கவில்லை, கிடைக்காததால் நாம் இழந்தது என்ன, கிடைத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடியது என்ன என்று அந்த மாடியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், நமக்கு விடை தேவைப்படவில்லை. புலம்பல் போதுமாயிருந்தது.

எழுத்தைப் பிழைப்பாக அல்ல, வாழ்வாகக் கொண்டிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நாம். எங்கள் மாவட்டத்து வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959-இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரே 'எழுத்து'. அந்த மரபில் வருகிறோம் என்று மார்தட்டும் நமக்கு, எழுத்து இன்று எதனுள், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில் கிஞ்சித்தும் அக்கறையில்லை. அது என்ஜினீயர் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கியதை மறைக்கவே கொரியாவை இழுக்கிறோம்.

2

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகம் முழுவதற்குமாகப் போட்டுக்கொண்ட அட்டவணையே யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இருக்கைகள். இன்று அவற்றில் 72 நிரம்பியிருக்கின்றன. உயிர் பன்னிரண்டுக்கும் ஆய்தத்துக்கும் இடம் உண்டு. க, ங, ச என்று அகரம் ஏறிய மெய்களுக்கு உண்டு. கால், கொம்பு, சுழி போன்ற குறிகளுக்கும் புள்ளிக்கும் உண்டு. கா, கி, கு என்பவற்றுக்கு இல்லை. க் என்பதற்கும் இல்லை. க என்ற 2965-ஐயும் புள்ளி என்ற 3021-ஐயும் அடுத்தடுத்து வைத்தால் க் வரும்.

ஆகவே 'தமிழ்' என்ற சொல் அங்கே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து எண்களாகக் கிடக்கிறது. பைத்தான் மொழியில் இந்தச் சொல்லின் நீளம் என்னவென்று கேட்டால் 5 என்று விடை வரும். மூன்றெழுத்து மூன்றெழுத்து என்று மேடைதோறும் முழங்கியதெல்லாம் ஐந்தெழுத்தாகிவிட்டது. 'எழுத்து' என்ற நான்கெழுத்து ஏழு. எங்கள் ஊர்ப் பெயரில் ஒன்பது எழுத்து, எண்ணினால் பதினாறு. சிவனுடைய ஐந்தெழுத்து ஏழாகிவிடுகிறது. பழனியில் இருப்பவனுடைய ஆறெழுத்து மட்டும் ஆறாகவே நிற்கிறது, சரவணபவ என்பதில் எல்லாமே அகரம் ஏறிய மெய்கள் என்பதால். முருகன் காப்பாற்றியது தன்னைத்தான், தமிழை அல்ல.

கொரியாவில் கதை வேறு. அரசன் செஜோங் 1446-இல் நாட்டுக்கு அறிவித்த ஹங்குல் எழுத்தில் மெய்யும் உயிரும் தனித்தனி உருவங்கள். ஆனால் அவற்றை வரிசையாக எழுதுவதில்லை. ஓர் அசைக்கு உரியவற்றை ஒரு சதுரத்துக்குள் கட்டி எழுதுவார்கள். தொடக்கத்தில் வரக்கூடியவை 19, நடுவில் வரும் உயிர்கள் 21, இறுதியில் வரும் மெய் 27. இறுதி மெய் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் அது 28 வகை. 19-ஐ 21-ஆலும் 28-ஆலும் பெருக்கினால் 11,172. இந்த அத்தனை சதுரங்களுக்கும் யூனிகோடில் 44032 முதல் 55203 வரை வரிசையாக இடம் உண்டு. எண்ணைக் கொடுத்தால் இரண்டு வகுத்தலில் அதன் உறுப்புகளைச் சொல்லிவிடலாம். உறுப்புகளுக்கும் தனியே எண்கள் இருக்கின்றன. சதுரமாக வைத்தாலும் உறுப்புகளாக வைத்தாலும் இரண்டும் ஒன்றே என்ற விதியும் இருக்கிறது. முழுசும் உண்டு, துண்டும் உண்டு. பார்த்தால் பொறாமைதான் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

3

இனி வரலாறு. யூனிகோடைக் கட்டியவர்கள் எந்த மொழியின் எழுத்தையும் புதிதாக உட்கார்ந்து ஆராய்ந்து அட்டவணை போடவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஏற்கெனவே இருந்த தரப்பட்டியல்களை எடுத்து, அவற்றிலிருந்து போகவும் வரவும் சேதமில்லாதபடி உள்ளே வைத்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் தலையில் குறி ஏறிய எழுத்துகளுக்குத் தனி எண் கிடைத்தது, அவர்களுடைய பழைய பட்டியல்களில் அப்படி இருந்ததால். தாய்லாந்து எழுத்தில் மெய்க்கு முன்னே எழுதப்படும் உயிர்க்குறி முன்னேயே நிற்கிறது. நம்முடைய கொம்பு கண்ணுக்கு முன்னாலும் எண்ணில் பின்னாலும் நிற்கிறது. காரணம் தாய் மொழியின் மேன்மையல்ல, தாய்லாந்தின் பட்டியல். கொரியாவுக்கு 1987-இல் போட்ட தேசியப் பட்டியல் இருந்தது, அதில் 2,350 அசைகள் முழுசாக இருந்தன. அவை அப்படியே உள்ளே போயின.

நமக்கு என்ன இருந்தது? 1988-இல் மத்திய அரசு இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே அச்சில் வார்த்த பட்டியல் இருந்தது. தேவநாகரிக்கு எந்த இடமோ அதே இடம் எல்லாருக்கும். அதன் தழும்பை இன்றும் பார்க்கலாம். தமிழ் அட்டவணையில் க என்பது 2965, ங என்பது 2969. நடுவில் மூன்று நாற்காலிகள் காலி. சமஸ்கிருதத்தின் மற்ற மூன்று ககரங்களுக்காகப் போட்டவை. வராத விருந்தாளிக்கு இலை போட்டுக் காத்திருப்பது போல அவை கிடக்கின்றன. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ உட்கார்ந்திருக்கிறது. ந-வுக்கு அடுத்தாற்போல் ன. ஆய்தத்தின் உத்தியோகப் பெயர் 'விசர்கம்'. புள்ளியின் பெயர் 'விராமம்'. தமிழில் இல்லாத அநுஸ்வாரத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் இவற்றில் பாதி நடந்திராது.

இதைச் சதி என்று சொல்வது சுலபம், சதிகாரர்களின் பெயரைத்தான் சொல்ல முடியாது. நடந்தது அதைவிடக் கேவலமானது. அந்த அறையில் தமிழுக்கென்று ஒரு பட்டியலோடு யாரும் இல்லை. தமிழ்நாடு அரசு தனக்கென்று முதல் தரத்தை அறிவித்தது 1999-இல், சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி. விசைப்பலகைக்கு ஒன்றும், எழுத்துக் குறியீட்டுக்கு டாம், டாப் என்று இரண்டும். ஆனால் 1996-இல் யூனிகோடின் இரண்டாம் பதிப்பு வந்தபோதே, ஒருமுறை வைத்த எழுத்தை இனி நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை, வைத்த பெயரை மாற்றுவதில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் கதவு சாத்தப்படுமுன் கடைசியாக நடந்த பெரிய இடமாற்றம் கொரியாவுடையதுதான். முதலில் வைத்திருந்த 6,656 அசைகளை இருந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, வேறு இடத்தில் 11,172-ஆகக் குடியேற்றினார்கள். நாம் மூன்று வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டினோம்.

இதிலும் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அதைத்தான் அந்தக் கவிஞரிடம் சொல்ல விரும்புகிறேன். கொரியாவில் எண்பதுகளில் நடந்த சண்டையில், முழு அசைகளின் பட்டியல்தான் அரசாங்கத்தின் பட்டியல். 11,172-இல் 2,350 போதும், மற்றவை புழக்கத்தில் இல்லை என்று 8,822 அசைகளை வெளியே தள்ளிய பட்டியல் அது. அதை எதிர்த்தவர்கள் துண்டுகளின் பக்கம் நின்றார்கள். துண்டுகளைக் கொடு, எந்த அசையையும் நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். 1990-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் பெயரின் முதல் அசை 'ட்டொம்'. அது அந்த 2,350-இல் இல்லை. நாடு முழுக்கப் பார்க்கும் ஒரு தொடரின் பெயரை நாட்டின் அதிகாரபூர்வமான பட்டியலை வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. அந்த ஓர் அசை அந்தச் சண்டைக்கு உதாரணமாகவே ஆகிவிட்டது. 1989-இல் வந்த 'ஹங்குல்' என்ற சொற்செயலி துண்டு முறையைக் கையாண்டு எல்லா அசையையும் எழுத வைத்தது. அதைச் செய்த கம்பெனி 1998-இல் நொடித்துப்போய், மைக்ரோசாஃப்டின் முதலீட்டுக்கு ஈடாக அந்தச் செயலியையே கைவிடச் சம்மதித்தபோது, ஜனங்கள் கிளர்ந்தெழுந்து அதைத் தடுத்தார்கள்.

ஆக, நம் கவிஞர் வாய் பிளக்கும் அந்த 11,172 வானத்திலிருந்து விழுந்த வரமல்ல. முழுசா துண்டா என்று ஒரு சமூகம் தன் எழுத்துக்காகப் பத்து வருஷம் போட்ட சண்டையின் சமாதான உடன்படிக்கை. நாம் உடன்படிக்கையைப் பார்த்து ஏங்குகிறோம். சண்டையைப் போடவேயில்லை. அந்த எண்பதுகளில் நம் சிறுபத்திரிகைகள் எதைப் பேசிக்கொண்டிருந்தன? தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது 1982-இல். குறி, குறிப்பான், குறிப்பீடு என்று பக்கம் பக்கமாக விவாதித்தோம். அவசியமான விவாதம்தான், பழிக்கவில்லை. ஆனால் குறிகளைப் பற்றி நாம் இவ்வளவு தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் நம் மொழியின் குறிகளுக்கு வேறெங்கோ எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுபத்திரிகையும் மூச்சு விட்டதாக நான் பார்த்த பழைய இதழ்களில் இல்லை.

4

இன்னொரு கட்சி உண்டு. புலம்பல் கட்சியைவிட நாகரிகமானது, ஆகவே அதிக ஆபத்தானது. "திரையில் சரியாகத் தெரிகிறது. அடித்தால் வருகிறது. அனுப்பினால் போகிறது. உள்ளே மூன்றாக இருந்தால் என்ன, ஐந்தாக இருந்தால் என்ன?" என்பது அவர்கள் வாதம். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கிவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருக்கும் நான் அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஓர் அனுபவத்தைத்தான்.

மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் உறுப்பினர் பட்டியல் எங்கள் கவுன்டருக்கு வந்தது. தமிழில் அச்சாகி வந்த பட்டியல். எந்த அலுவலகம் அனுப்பியது என்பது இங்கே முக்கியமில்லை. அதில் ஒரு மூதாட்டியின் பெயர் 'பொன்னுத்தாயம்மாள' என்று இருந்தது. (பெயரை மாற்றியிருக்கிறேன், எழுத்துக் கணக்கை மாற்றவில்லை.) அவருக்குப் படிக்கத் தெரியாது. கூட வந்த பேத்திக்குப் பத்து வயசிருக்கும். அவள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "சார், எங்க அம்மாயி பேர்ல கடைசிப் புள்ளி வைக்காம உட்டுட்டாங்க."

கிழவி அவளைப் பார்த்தார், பிறகு என்னை. "ஏனுங் தம்பி, புள்ளி இல்லீன்னா பணம் வராதுங்களா?"

சிரிக்கத் தோன்றியது. சிரிக்கவில்லை. வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் வந்த பட்டியலில் உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பு என்பது எங்கள் தொழிலின் பால பாடம். புள்ளி இல்லாவிட்டால் பணம் வராமல் போவது இந்த நாட்டில் நடக்கக்கூடியதுதான்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். பெயரில் ஒன்பது எழுத்து. யூனிகோடில் பதினேழு எண்கள். கோப்புகளில் பெரும்பாலும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட்டு இடத்தை எடுத்துக்கொள்கிறது. மூவேழு இருபத்தொன்று, மூவொன்று மூன்று: ஐம்பத்தொன்று. அந்தப் பட்டியலின் பெயர்க் கட்டம் ஐம்பது பைட்டு. ஆங்கிலப் பெயரை மனசில் வைத்து எவனோ போட்ட ஐம்பது. ஆங்கிலத்தில் ஐம்பது எழுத்துப் பெயர் யாருக்கும் கிடையாது, தாராளமாகத்தான் போட்டிருக்கிறான். தமிழில் ஒன்பதாவது எழுத்தின் கடைசித் துணுக்குக்கு ஒரு பைட்டு இடம் போதவில்லை. புள்ளி வெட்டுப்பட்டது. எழுத்து செத்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். எழுத்து வேறெழுத்தாகிவிட்டது. 'ள்' போய் 'ள' வந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை.

இதுதான் உள்ளே மூன்றா ஐந்தா என்பதன் அர்த்தம். வெட்டுகிறவனுக்கு எது எழுத்து என்று தெரியாவிட்டால் எழுத்தின் நடுவில் வெட்டுவான். எண்ணுகிறவனுக்குத் தெரியாவிட்டால் பொய்க் கணக்குச் சொல்வான். அடுக்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், எண் வரிசைப்படி, 'கறி'யைக் 'கலை'க்கு முன்னாலும் 'பகல்' முடிந்த பிறகு 'பக்கம்' என்றும் வைப்பான். எந்தத் தமிழ் அகராதியிலும் இல்லாத வரிசை. தேடுகிறவனுக்குத் தெரியாவிட்டால் 'ஸ்ரீ' கிடைக்காது. ஏனென்றால் 2005-இல் இன்னொரு சகரத்தைச் சேர்த்தபின் ஸ்ரீக்கு இரண்டு பிறவி. கண்ணுக்கு ஒன்று, எண்ணுக்கு இரண்டு. ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனிக் குறி இருப்பது தெரியாமல் ளகரத்தை அடித்து வைத்தவர்கள் எத்தனை பேர்! அச்சில் வித்தியாசமே தெரியாது. தேடினால் மட்டும் அந்தச் சொல் தமிழிலேயே இல்லை.

கவிஞர்களுக்கு இது அந்நியமான விவகாரம் என்று யார் சொன்னது? அடியை எழுத்தெண்ணி வகுத்த மரபு நம்முடையது. நான்கு முதல் ஆறெழுத்து குறளடி, ஏழு முதல் ஒன்பது சிந்தடி, பத்து முதல் பதினான்கு அளவடி என்று தொல்காப்பியம் வகுக்கிறது. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கினால் பதினாறு, நிரையில் தொடங்கினால் பதினேழு. ஒற்றை எண்ணுவதில்லை. எது எழுத்து, எது ஒற்று, எதை எண்ணுவது, எதை விடுவது என்பதுதான் நம் செய்யுளியலின் அஸ்திவாரம். அந்தக் கேள்வியை இன்று மென்பொருள் எழுதுகிறவன் தினமும் சந்திக்கிறான், விடையைத் தப்பாக எழுதுகிறான். விடை தெரிந்த நாம் வாய் திறப்பதில்லை.

5

அப்படியானால் 247-க்கும் தனி இடம் வாங்குவதுதானே தீர்வு? டேஸ்-16 என்று ஒரு குறியீடு அப்படிச் செய்துதான் இருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஓர் எண். எண்ணுவது சுலபம், அடுக்குவது சுலபம், வெட்டினால் எழுத்தின் நடுவில் விழாது. இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாகவும், யூனிகோடு இயங்காத இடங்களுக்கு டேஸ்-16-ஐ மாற்றாகவும் அறிவித்தது. ஆனால் அது உட்கார்ந்திருப்பது யூனிகோடில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்ட பகுதியில். கிராமத்துப் பாஷையில் சொன்னால், புறம்போக்கு. வீடு நல்ல வீடுதான். பட்டா இல்லை. அதில் எழுதிய கோப்பை அதற்கென்ற எழுத்துரு இல்லாத இடத்துக்கு அனுப்பினால் வெறும் கட்டங்கள் போய்ச் சேரும். இப்போது பட்டாவே கிடைத்தாலும், முப்பது வருஷத்துத் தமிழ் பழைய எண்களில் கிடக்க, புதிய எண்களில் இன்னொரு தமிழ் பிறக்கும். ஸ்ரீக்கு நேர்ந்த கதி 247-க்கும் நேரும்.

இன்னொன்று. 247-தான் தமிழ், துண்டுகள் தமிழல்ல என்ற ஆவேசத்துக்கு இலக்கணத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. தொல்காப்பியத்துக்கு எழுத்து முப்பது, சார்ந்து வருபவை மூன்று. அந்த மூன்றில் உயிர்மெய் இல்லை. சார்பெழுத்து பத்து என்று விரித்து உயிர்மெய்யை அதில் சேர்த்தது நன்னூல். மெய்யும் உயிரும் கூடினால் வருவது உயிர்மெய் என்பது நம் முதல் வகுப்புப் பாடம். துண்டாக்கிப் பார்த்தவர்கள் நம் இலக்கணிகள்தான், கலிபோர்னியாக்காரர்கள் அல்ல. அகரம் ஏறும்போது புள்ளி போய் வெறும் உருவம் நிற்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் உருவத்தைத்தான் யூனிகோடும் அடிப்படையாக வைத்திருக்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு, பெரியது: நமக்கு மெய் முதல், அகரம் வந்து சேர்வது. அவர்களுக்கு அகரம் ஏறியது முதல், புள்ளி அதைக் கொல்வது. இது வடமொழி நெடுங்கணக்கின் பார்வை. எதிர்த்திருக்க வேண்டியது இந்த இடத்தில், 1988-இல். இப்போது 247 என்று கத்துவது எதிரியின் தப்பைச் சரியாகக்கூடச் சொல்லத் தெரியாததன் அடையாளம்.

துண்டு முறையால் நமக்குக் கிடைத்த ஒரு லாபத்தையும் யாரும் சொல்வதில்லை. 1978-இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் ஆணையானபோது, துதிக்கை வைத்த லை, ணை, னை, ளை எல்லாம் போயின. அச்சகங்களில் அந்த ஈய எழுத்துகள் உருக்கப்பட்டன. இன்றைக்கு ஒரே எண்களை வைத்துக்கொண்டு, எழுத்துருவை மட்டும் மாற்றி, பழைய நூலைப் பழைய உருவிலும் புதிய உருவிலும் காட்டலாம். எண் உருவத்தோடு கட்டப்படவில்லை என்பதால். ஒரு பதிப்பாசிரியனுக்கு இது சாதாரண வசதியல்ல.

6

ஆகவே நான் சொல்வது இது. அட்டவணை முடிந்துபோன காரியம். முடியாதது அட்டவணைக்கு மேலே நடக்கும் காரியம். பல எண்கள் சேர்ந்து ஓர் எழுத்து என்று அறிந்து எண்ணும் விதியை யூனிகோடே எழுதி வைத்திருக்கிறது. அந்த விதிப்படி 'தமிழ்' மூன்று. தமிழின் ஒவ்வொரு மெய்க்கும் உயிர்மெய்க்கும் எண்தொடராகப் பெயர் கொடுத்த பட்டியலும் அதனிடம் உண்டு. 2014-இல் வந்த ஸ்விஃப்ட் என்ற கணினி மொழி இந்த விதிப்படிதான் எண்ணுகிறது. அதனிடம் கேட்டால் மூன்று என்கிறது. சரியாக அடுக்கும் விதியும் இருக்கிறது. இருப்பதைக் கையாள வேண்டியவன் கையாளவில்லை. ஏன் கையாளவில்லை? யாரும் கேட்கவில்லை. கொரியாவில் ஓர் அசை எழுத முடியவில்லை என்று நாடு கேட்டது. இங்கே ஒரு மூதாட்டியின் பெயரில் புள்ளி போனதைப் பத்து வயசுப் பெண் ஒருத்திதான் கேட்டாள்.

ஓலைச்சுவடிக் காலத்திலும் புள்ளி இல்லை. ஓலையில் குத்தினால் கிழியும் என்று எழுதுகிறவர்கள் விட்டுவிட்டார்கள். எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று படிக்கிறவன்தான் கண்டுகொள்ள வேண்டும். தாமோதரம் பிள்ளையும் சாமிநாதையரும் சுவடிகளை முன்னால் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் புள்ளி, எந்த இடத்தில் இல்லை என்று தீர்மானித்த தீர்மானங்களின் மேல்தான் நம் சங்க இலக்கியம் நிற்கிறது. அது என்ஜினீயர் வேலையல்ல, வாசகன் வேலை. அந்த வேலை திரும்பி வந்திருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து கொரியாவைப் பற்றிப் பொருமிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமல்ல. தமிழில் படிவம் தயாரிக்கும் ஒவ்வோர் அலுவலகத்திடமும், கட்டத்தின் அளவை எழுத்தில் சொல், பைட்டில் சொல்லாதே என்று கேட்பது. தமிழ் அகராதி, தமிழ்த் தேடல் என்று ஒன்று வெளிவந்தால், கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுவதுபோல அதற்கும் எழுதுவது: வரிசை சரியா, ஸ்ரீ கிடைக்கிறதா, எழுத்தை எழுத்தாக எண்ணுகிறதா என்று. எல்லாவற்றுக்கும் முதலில், நம் வீட்டைப் பார்ப்பது. இருபது வருஷத்துக்கு முன்பு நாம் வெளியிட்ட இதழ்களும் தொகுப்புகளும் பாமினியிலும் இன்னும் பல எழுத்துருக்களிலும் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பாமினிக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்பது நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் இருந்த புள்ளி. அதுவும் ஐந்துதான், கவனியுங்கள். ஆனால் யூனிகோடின் ஐந்தை உலகம் தமிழென்று அறியும். இந்த ஐந்தை யாரும் அறியார். நாம் எழுதியவற்றில் எவ்வளவு இப்படிக் கிடக்கிறது என்று நமக்கே தெரியாது.

அந்த மூதாட்டியின் பட்டியலில் மேலாளரிடம் சொல்லிவிட்டு, நீல மைப் பேனாவால் நான் புள்ளி வைத்தேன். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பணம் வந்தது. அன்று கவுன்டரில் ஒரு குமாஸ்தாவால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். எழுத்தாளர்களால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

அடுத்த கூட்டம் கார்த்திகையில். கொரியாவைப் பற்றிப் பேசிய கவிஞரிடம், வரும்போது அவருடைய முதல் தொகுப்பின் கோப்பை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அது பாமினியில் இருக்கிறது. முதலில் அதைத் தமிழாக்குவோம். கொரியாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.